என் முத்திரை எனக்கு ஆகாது

பன்னிரண்டு வருடமாக
ராலின்ஸ் ஊரின் கையெழுத்துகளுக்கு நான் சாட்சி.
பழைய கார் கைமாறும்போது,
பட்டாளத்துக்குப் போகும் பையன்
பத்தொன்பது வயதில் உயில் எழுதும்போது
காப்பீட்டு அலுவலகத்தில் என் பின்மேசைக்கு வருவார்கள்.
தாளில் இருப்பது நிஜமா என்று நான் பார்ப்பதில்லை.
போடுகிற கை அவருடையதா,
அதோடு என் வேலை தீர்ந்தது.
இரும்பு இடுக்கியை அழுத்தினால்
தாளில் ஒரு வட்டம் புடைத்து நிற்கும்.
கண் தெரியாதவரும் தடவிப் பார்த்து நம்பலாம்.

எலூத்தேரியோவின் விசாத் தாள்கள் வந்த அன்று
இடுக்கியை எடுத்தேன்.
திரும்ப உள்ளே வைத்தேன்.
தன் முதுகு தனக்குத் தெரியாது.
தன் கையெழுத்துக்குத் தானே சாட்சி நிற்கவும் முடியாது.
பரீட்சையில் இந்தக் கேள்விக்கு
சரியாகத்தான் பதில் எழுதியிருந்தேன்.

அவன் பெரு நாட்டு மலைக்காரன்.
மூன்று வருட ஒப்பந்தம், இரண்டாயிரம் ஆடு,
சக்கரம் வைத்த ஒரு தகர வீடு.
மாதம் ஒருமுறை
தம்பிக்குப் பணம் கட்டிய ரசீதை
எங்கள் ஃபேக்ஸில் அனுப்ப வருவான்.
ஒரு மார்ச் மாதம் கோட்டுக்குள்
ஆட்டுக்குட்டி ஒன்றும் கூட வந்தது.
குளிர் தாங்காது என்றான்.
அதற்குப் புட்டிப்பால் கொடுக்கப் போய்,
சரி, மீதியை
ஆறு பக்கத்துக்கு
அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அவர்கள் போட்ட கோட்டுக்கு
என் சம்பளம் எண்ணூற்றுப் பத்து டாலர் கீழே.
கூடப் பொறுப்பேற்க இன்னொருவர் வேண்டும்.
அண்ணன் யோசித்துச் சொல்கிறேன் என்றான்.
பாதிரியார் ஜெபிக்கிறேன் என்றார்.
டார்ல்தான்
"எங்கே போடணும்?" என்று கேட்டான்.

டார்ல் என் முதல் கணவன்.

எனக்கு இதில் ஆதாயம் உண்டு என்பதால்
அவன் கையெழுத்துக்கும் நான் ஆகமாட்டேன்.
நாற்பத்தொரு மைல், சாரடோகாவுக்கு,
அவனுடைய வண்டியில்.
ஒன்பது வருடத்தில் முதல் தடவை.
ஹீட்டர் என் பக்கம் மட்டும் வேலை செய்தது.
மாறி உட்காரலாமா என்று கேட்க நினைத்து
கேட்கவில்லை.

மாட்டுத்தீவனக் கடையின் கல்லாவில் ட்வைலா ஆக்ஸ்னர்.
நாங்கள் பிரிந்தபோது
எங்கள் கட்டிலை விலைக்கு வாங்கியவள்.
ஆனாலும் முறை முறைதான்:
"அடையாள அட்டை?"
இருவரும் நீட்டினோம்.
என்னுடையதில் புதுப் பெயர்.
அவள் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள்.

டார்ல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான்.
வண்டியே ஆனாலும்
ஸ்பேர் டயர் வரைக்கும் பார்த்து வாங்குகிறவன்.
ஒரு வரியில் விரல் நின்றது.
"இந்தப் பொறுப்பு
விவாகரத்தினால் முடிவுக்கு வராது."
இரண்டாம் தடவை சத்தமாகப் படித்தான்.
"நம்ம தாள்ல இப்படி ஒண்ணு இல்லையே, மார்லிஸ்."
ட்வைலா எடைத்தராசைத் துடைக்க ஆரம்பித்தாள்,
ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை.

வலது கையைத் தூக்கச் சொன்னாள்.
எண்ணெய்க்கிணறு இரண்டு விரலை வாங்கிக்கொண்ட கை.
மூன்று விரல் ஆணையிட்டது:
எழுதியிருப்பதெல்லாம் உண்மை.
ஆமாம் என்றான்,
அன்று தேவாலயத்தில் சொன்னதைவிட
தெளிவாக.
பிறகு நான் தூக்கினேன்.
எத்தனை பேரைத் தூக்க வைத்த எனக்கு
முழங்கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திரும்பும்போது காற்று.
லாரி கவிழ்ந்து நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
தடுப்புக்கட்டைக்கு முன்னால்
ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு இரண்டு மணி நேரம்.

"அவனுக்கு இந்தக் காத்து பழக்கந்தானே?"
"மூணு வருஷம் இதுலதான் கிடந்தான்."
"அப்ப சரி."

உறைக்கு மேலேயே
ட்வைலாவின் வட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.
என்னுடையதைவிட ஆழமாக அழுத்துகிறாள்.
கட்டை உயர்ந்து வண்டிகள் நகர்ந்தபோதுதான்
ஞாபகம் வந்தது:
டார்லின் வருமான வரித் தாள்கள்,
மூன்று வருடத்தவை,
தீவனக் கடை ஜெராக்ஸ் மிஷினுக்குள்ளேயே
முகம் கவிழ்ந்து கிடக்கின்றன.
அவனிடம் சொன்னேன்.
ஒன்றும் பேசாமல்
வண்டியைத் திருப்பினான்.